மூன்று புள்ளிக்கு ஒரு மருமகன்

“...மருமகன்தான் எண்டு சொல்லுறன், காது கேக்கேல்லையோ உங்களுக்கு? என்ரை மகளைக் கட்டப்போற பொடியன். இனி ஆருக்கு என்ன கேள்வி கிடக்கு, கேளுங்கோ பாப்பம்!”

எங்கள் சங்கத்துத் தலைவர் இப்படிக் கத்தியபோது, பாரிசுக்கு வெளியே ஓல்னே-சூ-புவா மைதானத்தில் நின்ற அவ்வளவு பேரும் வாயில் வைத்த ரோல்ஸைக் கடிக்க மறந்தார்கள். செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பருவத்தின் முதல் ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஆறுக்கு ஒன்று என்று நாங்கள் வென்றிருந்தோம். அந்த ஆறில் நாலு கோல் அடித்தவனைப் பற்றித்தான் பேச்சு.

பாரிசில் யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. சங்கம் இருந்தால் உதைபந்தாட்ட அணி இருக்கும். அணி இருந்தால் சண்டை இருக்கும். கல்லூரியை விட்டு முப்பது வருடம் ஆனாலும் பக்கத்து வீதிக் கல்லூரிக்காரனைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு இன்னும் கால் துடிக்கும். நான் எட்டாம் வகுப்போடு வெளியே வந்தவன். அந்தக் கல்லூரியில் படித்தேன் என்று சொன்னால் பொய். இருந்தேன் என்று சொல்லலாம். சங்கத்துக்கு அதுவே போதும். கிழமை நாட்களில் தலைவருடைய பலசரக்குக் கடையின் வான் வண்டியில் அரிசி ஏற்றுவேன். ஞாயிற்றுக்கிழமையில் அதே வானில் அணியை ஏற்றுவேன். அரிசி சத்தம் போடாது என்பதுதான் வித்தியாசம்.

பழைய மாணவர்களுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. மகன்மாரைக் கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன் எழும்ப மாட்டோம் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். ஆகவே எல்லாச் சங்கங்களும் கூடி, பழைய மாணவனின் மருமகனும் விளையாடலாம் என்று விதி செய்தன. கலியாணம் முடிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, நிச்சயமாகியிருந்தால் சரி. ஆனால் பெண்ணின் தகப்பன் நாலு பேர் முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் கடுதாசியில் நம்பிக்கை குறைவு, வாய்ச்சொல்லில்தான் மரியாதை. இந்த விதி வந்த பிறகு, கலியாண வயதில் பெண் வைத்திருக்கிற தகப்பன்மாரை, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் செயலாளர்கள் தேடிப்பிடித்துத் தேநீர் வாங்கிக் கொடுத்த காலமும் உண்டு.

தலைவருக்கு ஒரே மகள். காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை. கூட வேலை செய்கிற ஒருவனைத்தான் கட்டுவேன் என்று அவள் சொல்லி இரண்டு வருடமாகியிருந்தது. பொடியன் பாரிசில் பிறந்தவன், தாய் தகப்பன் புதுச்சேரி, வீடு சார்செல்லில். தலைவர் மறுத்துவிட்டார். “புதுச்சேரியிலை ஆரைப் பிடிச்சு விசாரிக்கிறது? எனக்கு அங்கை ஒரு குருவியையும் தெரியாது” என்பார். விசாரிப்பது என்றால் எதை விசாரிப்பது என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதற்கு மேல் பொடியன் வேதக்காரன், கிறிஸ்தவன். “படத்தையாவது பாருங்கோ அப்பா” என்று மகள் கைபேசியை நீட்டினால், “பாத்தால் முகம் மனசிலை நிண்டிடும், வேண்டாம்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். முகம் தெரியாமல் இருந்ததுதான் பிறகு அவருக்கு வினையாகப் போனது.

எங்கள் செயலாளர் டாக்சி ஓட்டுகிறவர். கேத்தலை அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் தேநீர் வேண்டுமா என்று கேட்பார், எல்லாக் காரியத்திலும் அப்படி. அணிக்கு முன்னால் நின்று கோல் அடிக்க ஆள் இல்லை. தலைவரின் மகளிடம் போய் மெதுவாகக் கேட்டார். பொடியன் நன்றாக விளையாடுவான் என்று அவளும் சொன்னாள். “ஆரெண்டு ஆரும் கேட்டால் அப்ப பாப்பம் பிள்ளை” என்று சொல்லி அவனை இறக்கிவிட்டார்.

முதல் கோல் விழுந்ததும் கோட்டோரத்தில் நின்ற தலைவர், “ஆர் உந்தப் பொடியன்?” என்றார். செயலாளர், “பிறகு சொல்லுறன் அண்ணை” என்றார். இரண்டாவது விழுந்தது. “எங்கையடாப்பா கிடந்தவன் இவ்வளவு நாளும்?” மூன்றாவதுக்குப் பொடியன் ‘அவர்’ ஆகிவிட்டான். நாலாவதுக்குத் தலைவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். “இப்பிடி ஒரு பிள்ளையைப் பெத்த தாய் தேப்பன் குடுத்து வைச்சதுகள்.”

ஆட்டம் முடிந்ததும் எதிர்ச் சங்கத்துச் செயலாளர் வந்தார். வெல்லம் தடவிய வாய். “அண்ணை, உங்கடை ஆள் வடிவா விளையாடினார், சந்தோசம். ஆனால் உவர் ஆற்றை மருமகன்?”

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்தோம். மருமகன் இல்லையென்றால் வென்ற ஆட்டம் அவர்களுக்குப் போய்விடும். செயலாளர் தலைவரின் காதில் குனிந்தார். “உங்கடை மகளின்ரை ஆள்தான் அண்ணை.” நான் பக்கத்திலேயே நின்றேன். தலைவரின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது, பிறகு மைதானத்து மூலையில் நட்டிருந்த எங்கள் கல்லூரிக் கொடியைப் பார்த்தது. இரண்டு வருடத்துப் பிடிவாதம் ஒரு பக்கம், மூன்று புள்ளி ஒரு பக்கம். புள்ளி கனத்துவிட்டது. அப்போதுதான் அந்தக் கத்தல்.

வானுக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மகள், “அப்பா?” என்று ஒரு சொல் சொன்னாள். பொடியன் ஒற்றைக் காலில் சப்பாத்தோடு எழுந்து வந்து, “வணக்கம் அங்கிள்” என்றான்.

“என்ன அங்கிள்? மாமா எண்டு கூப்பிடும்” என்றார் தலைவர். நாங்கள் கைதட்டினோம். எதற்குத் தட்டினோம், கோலுக்கா கலியாணத்துக்கா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை முழுவதும் எங்களுக்குத் தரையில் கால் படவில்லை. பருவத்தில் ஏழு ஆட்டம், முடிந்தது ஒன்று. ஆனால் சங்கத்துக் கைபேசிக் குழுவில் கோப்பை எங்களுக்கு வந்தே விட்டது. “இந்த ரீமை அடிக்கிறதெண்டால் வேறை கிரகத்திலையிருந்துதான் ஆள் வரவேணும்” என்று பொருளாளர் எழுதினார். இவர் பள்ளிக் காலத்தில் தலையிடி என்று சொல்லி விளையாட்டுப் பாடத்துக்கே போகாதவர். லண்டன் கிளை வாழ்த்து அனுப்பியது. கனடாக் கிளை, பாரிஸ் அணி அங்கே வந்து விளையாட வேண்டும், தங்குவதற்கு வீடுகள் தயார் என்று குரல்பதிவு அனுப்பியது. வெற்றி விருந்துக்கு ஆடா கோழியா என்று குழு இரண்டாகப் பிரிந்து, இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறி, மறுபடி சேர்க்கப்பட்டார்கள். கடையில் கல்லாவுக்கு மேலே இருந்த மீன் ரின்களை இறக்கி, கோப்பைக்கு இடம் விட்டாயிற்று. கோப்பை எவ்வளவு உயரம் என்று யாருக்கும் தெரியாததால், “கொஞ்சம் கூடவே விடு, பெரிசாத்தான் தருவினம்” என்றார் தலைவர்.

புதன்கிழமைப் பயிற்சிக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்தோம். பந்தைக் கொண்டுவர மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நின்றபடி இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிந்தோம்.

புதுச்சேரியும் அந்தக் கிழமையில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. “ஒரே கடல்தானே, இஞ்சாலை உப்பெண்டால் அங்காலை சீனியோ?” என்று தலைவர் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார். வேதம் பற்றி யாரோ இழுத்தபோது, “கோயிலுக்குப் போற பொடியனோ, போகாத பொடியனோ, அதைப் பார்” என்றார். எபினேயிலிருந்து சாமான் வாங்க வருகிற ஒரு அக்கா கருவேப்பிலையை முகர்ந்துகொண்டே, “மாப்பிள்ளை என்ன உத்தியோகம் அண்ணை?” என்று கேட்டார்.

“முன்னுக்கு விளையாடுறார்” என்றார் தலைவர்.

அந்த அக்கா அதைத்தான் உத்தியோகம் என்று எடுத்துக்கொண்டு, “அது நல்ல சம்பளமாமே” என்று சொல்லிவிட்டுப் போனார். தலைவர் மறுக்கவில்லை.

பிறகு இரண்டாவது ஆட்டம் வந்தது. நாலுக்குப் பூச்சியம், நாலு அவர்களுக்கு. எங்கள் பொடியனைச் சுற்றி எதிரணியார் மூன்று பேரைக் காவல் போட்டுவிட்டார்கள். ஒரு பெனால்ட்டி கிடைத்தது. அதை அவன் அடித்த அடியில் பந்து கம்பத்துக்கு மேலே போய், வேலியைத் தாண்டி, வாகனத் தரிப்பிடத்தில் யாருடையதோ காரின் மேல் விழுந்து அலாரம் அடித்தது. ஆட்டம் முடியும்வரை அந்த அலாரம் நிற்கவில்லை.

‘அவர்’ அன்று மத்தியானமே ‘உவன்’ ஆனார். “உவனுக்கு ரெண்டும் இடக்கால்” என்று வானில் ஏறும்போது தலைவர் சொன்னார். வான் லா ஷப்பலுக்கு வருவதற்குள் குழுவில் கல்லூரியே மூடப்பட்டுவிட்டது. “எங்கடை காலம் முடிஞ்சுது”, “அணியைக் கலையுங்கோ”, “கல்லூரியின்ரை பேரை வித்துப்போட்டாங்கள்.” எங்கள் பயிற்றுநர் உணவகச் சமையல்காரர். விளையாட்டு முடிந்த கையோடு வேலைக்கு ஓடியிருந்தார். தன்னை நீக்கிவிட்டார்கள் என்பதை அடுப்புக்கு முன்னால் நின்று கைபேசியில் வாசித்தார். வேறு கிரகத்துப் பொருளாளர், “நான் அப்பவே சொன்னனான்” என்று எழுதினார். மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அவர் அப்போது சொன்னது வேறு கிரகமும் ஆடும் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து கூட்டம். தலைவர் எடுத்த எடுப்பில் சொன்னார்: “அந்தக் கலியாணக் கதை இல்லை. வெண்ட உசாரிலை வாயிலை வந்தது. முடிஞ்சுது.”

செயலாளர் தொண்டையைச் செருமினார். “முடிஞ்சுதெண்டால் அந்த ஆறு கோலும் முடிஞ்சுது அண்ணை. உரிமையில்லாத ஆளை இறக்கினதெண்டு மூண்டு புள்ளியையும் எடுத்துப்போடுவினம். அடியிலை கிடப்பம்.”

தலைவர் யோசித்தார். நாங்களும் யோசித்தோம். ஒரு பெண்ணின் கலியாணத்தை நடுவில் வைத்துக்கொண்டு, எட்டு ஆண்கள் புள்ளி அட்டவணையை யோசித்தோம்.

“சரி” என்றார் தலைவர். “சீசன் முடியும்வரைக்கும் மருமகனா இருக்கட்டும். பிறகு பாப்பம்.”

நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினோம். செயலாளர், “அதுதான் தலைவர் எண்டுறது” என்றுகூடச் சொன்னார்.

வாசலில் மகள் நின்றதை அப்போதுதான் பார்த்தோம். வேலை முடிந்து, தகப்பனோடு வீட்டுக்குப் போக வந்திருக்கிறாள்.

“அப்ப நான், அப்பா?” என்றாள். “நானும் சீசன் முடியும்வரைக்கும்தானோ மகள்?”

தலைவர் ஒரு மூட்டையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொருளாளருக்குச் சும்மா இருக்க வராது. “பிள்ளை, ரெண்டு மாட்ச்தானே முடிஞ்சுது, இன்னும் அஞ்சு கிடக்கு. யோசியாதை” என்று ஆறுதல் சொன்னார்.

“கோல் வித்தியாசத்திலைதான் எனக்குக் கலியாணம் எண்டால், என்னையும் ரீமிலையிருந்து எடுத்துவிடுங்கோ மாமா” என்று சொல்லிவிட்டு அவள் தனியாக மெத்ரோவுக்கு நடந்தாள்.

அன்று தொடங்கி அவள் தகப்பனோடு பிரெஞ்சில்தான் பேசினாள். வெளியே இருக்கிறவர்களுக்கு இது பெரிய விடயமாகத் தெரியாது. இங்கே பிறந்த பிள்ளைகளில் முக்கால்வாசி அப்படித்தான், தாய் தமிழில் கேட்டால் பிள்ளை பிரெஞ்சில் பதில் சொல்லும். இவள் மட்டும் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. தலைவருக்கு அதில் இருந்த பெருமை கல்லூரிப் பெருமைக்கும் மேலே. கடைக்கு வருகிறவர்கள் முன்னால் வேண்டுமென்றே அவளைக் கூப்பிட்டு எதையாவது கேட்பார், அவள் யாழ்ப்பாணத்தில் நேற்று இறங்கினவள்போலப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக. இப்போது அப்பா போய்ப் பிரெஞ்சுப் பாப்பா வந்துவிட்டது: ‘உய் பாப்பா’, ‘நோன் பாப்பா’, ‘மெர்சி பாப்பா’.

“ஏசினாலும் பரவாயில்லையடாப்பா” என்று வானில் என்னிடம் சொன்னார். “மரியாதையாக் கதைக்கிறாள். வங்கியிலை கவுண்டரிலை இருக்கிறவள் கதைக்கிற மாதிரி. அதுதான் தாங்கேலாமல் கிடக்கு.”

“தமிழிலை கதை எண்டு சொல்லிப் பாருங்கோவன்.”

“சொன்னனான். ‘துமேன், பாப்பா’ எண்டாள். நாளைக்காம்.”

பொடியனும் சும்மா இருக்கவில்லை. செயலாளருக்குத் தொலைபேசியில் சொன்னான், அவர் ஒலிபெருக்கியைப் போட்டதால் நாங்களும் கேட்டோம். புதுச்சேரிப் பேச்சு, மெதுவான குரல். “அவங்க வீட்டுக்கு மாப்பிள்ளையா வரச் சொன்னா நாளைக்கே வர்றேன் மிசியே. ஃபார்வர்டா வரச் சொன்னா வேணாம்.”

இதையும் எங்கள் ஆட்கள் நல்ல சகுனமாக்கிவிட்டார்கள் என்பதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். “அவன் ஒருத்தனை நம்பி விளையாடினதுதான் பிழை. இனித்தான் எங்கடை ரீம் ஒரு ரீமா விளையாடும்” என்று குழுவில் எழுதினார்கள். சனிக்கிழமை மாலைக்குள் கோப்பை மறுபடி பாதி வழிக்கு வந்துவிட்டது. சமையல்காரரை மன்னித்து மீண்டும் பயிற்றுநர் ஆக்கினார்கள். அவருக்கு நீக்கியதும் தெரியும், சேர்த்ததும் தெரியும். ஏன் என்றுதான் தெரியாது.

மூன்றாவது ஆட்டம் எபினேயில். ஏழு கோல் வாங்கினோம். கோல் காப்பவர் முதல் மூன்றுக்குப் பாய்ந்தார், பிறகு பந்து போகிற பக்கம் பார்த்து வணக்கம் மட்டும் சொன்னார். வானுக்குப் பக்கத்தில் தேநீர் இல்லை. மகள் வராத முதல் ஞாயிற்றுக்கிழமை அது. தலைவர் இரண்டு மூன்று தடவை வான் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும், முதல் ஆட்டத்தில் எங்களிடம் தோற்ற அந்த எதிர்ச் சங்கத்துச் செயலாளர் வந்தார். தங்கள் ஆட்டம் இல்லாத நாளில் எங்களைப் பார்க்க வந்திருந்தார். “அண்ணை, மருமகனைக் காணேல்லை?” என்றார். “ஒளிக்கிறதென்ன, ஊருக்கெல்லாம் தெரியும். அவர் மருமகன் இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. அந்த மூண்டு புள்ளியும் எங்களுக்கு வரும். உங்களுக்கு இனி அதாலை ஒண்டும் ஆகப்போறேல்லையே.”

“சொல்லிப்போடுங்கோ அண்ணை” என்று எங்கள் பொருளாளரே பின்னால் நின்று சொன்னார். “சீசன் போட்டுது. நீங்களும் அந்தப் பொடியனை வேண்டாமெண்டுதானே நிண்டனீங்கள். தலையிடி விட்டுது.”

அவர் சொன்னதில் கணக்குப் பிழை இல்லை. புள்ளியைக் காப்பாற்றப் பெண்ணைக் கொடுத்தார்; இப்போது புள்ளிக்கு மதிப்பு இல்லை; ஆகவே பெண்ணைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால் மாற்றிச் சொன்னால் போதும். நாலு பேருக்கு மேலேயே சுற்றி நின்றோம். தலைவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார், தலையாட்டுவதற்குத் தயாராக நின்ற முகங்கள்.

“வானை எடு” என்றார் என்னிடம்.

“பெடியளை ஏத்தேல்லை அண்ணை.”

“அவங்கள் ரயிலிலை வரட்டும். ஏழு கோலுக்கு ரயில் போதும்.”

லா ஷப்பலில் கடையைத் திறந்து, உள்ளே போய், மாம்பழம் ஒரு பெட்டி, ஒரு சீப்பு வாழைப்பழம், திராட்சை, வெற்றிலை எல்லாம் எடுத்தார். விற்பனைக்கு வைத்திருந்த ஒரு எவர்சில்வர் தட்டையும் எடுத்தார். சார்செல்லுக்குப் போகிற வழி முழுக்க, தட்டின் அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தார். அது பாதிதான் வந்தது.

“புதுச்சேரி ஆக்கள் தட்டு கொண்டுபோனால் வாங்குவினமோ?”

“மாம்பழத்தை ஆர் அண்ணை வேண்டாமெண்டுவினம்?”

“விசர்க் கதை கதையாதை. முறையைக் கேக்கிறன்.”

“எனக்குத் தெரியாது அண்ணை.”

“எனக்கும் தெரியாது” என்றார். “ரெண்டு வருசமாக் கேட்டிருக்கலாம்.”

பெரிய கட்டடம், ஒன்பதாவது மாடி. லிஃப்டில் அவருடைய விளையாட்டுச் சட்டையிலிருந்த கல்லூரிச் சின்னம் கண்ணாடியில் தெரிந்தது. மேற்சட்டையின் பொத்தான்களைப் பூட்டி அதை மறைத்தார். மணியை அடித்தார். பொடியனின் தகப்பன் கதவைத் திறந்தார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கம்பளிச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. உள்ளே தொலைக்காட்சியில் யாரோ யாருக்கோ கோல் அடிக்கிற சத்தம்.

எங்களை யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. “வாங்க வாங்க மிசியே, உள்ள வாங்க! இன்னிக்கு உங்க மேட்ச்சுன்னு பையன் சொன்னான். என்னா ஆச்சு, ஜெயிச்சீங்களா?”

எனக்கு எங்கள் தலைவரைத் தெரியும். இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் தப்பியதில்லை. நடுவருடைய கண், காற்று அடித்த பக்கம், செயற்கைப் புல்லின் நீளம், கோல் காப்பவரின் முழங்கால், எல்லாம் முடிய ஒரு மணி நேரம் ஆகும்.

தலைவர் வாயைத் திறந்தார். மூடினார். குனிந்து சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தட்டை இரண்டு கையாலும் ஏந்தி அவர் முன்னால் நீட்டினார்.